'மா'வுக்கு அடுத்த எழுத்து

என் கையெழுத்து அழகாக இருக்கும். இந்தத் தாளைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும், ஐயா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, எழுத்து நிற்கவில்லை. மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததே அதனால்தான்.

"அச்சடிச்ச மாதிரி எழுதுறியேம்மா. ரத்தக் குப்பிக்குச் சீட்டெல்லாம் இனிமே நீயே எழுதிடு" என்றார் டாக்டர்.

அந்த வருடம் மாடுகளுக்கு இருமல் கண்டது. காசநோய் என்றார் டாக்டர். ஊர் இரண்டு கட்சியானது. காட்டு மான்களைச் சுட்டுத்தள்ள வேண்டும் என்றார் பால் சங்கத்துத் தலைவர். வனக்காவலர் விடவில்லை.

"மான் வந்து எங்க தொட்டியில வாய் வைக்குதுய்யா. அதுதான் நோயக் கொண்டுவருது."

"உங்க மாடு காட்டுக்குள்ள மேயுதே, அது என்ன மருந்தா கொண்டுவருது?"

கடைசியில் டாக்டர் ஒரு வழி சொன்னார். பத்து மாடு, மயக்க ஊசி போட்டுப் பத்து மான், எல்லாவற்றுக்கும் ரத்தச் சோதனை. நோயுள்ள மாட்டைக் கொன்று புதைப்பது. மானுக்கு நோய் இருந்தால் காட்டையே காலி செய்வது.

ஏழாவது மாடு எங்கள் சீமாட்டி. ஒரு வாரமாக இருமிக்கொண்டிருந்தாள். அவள் இருமும்போதெல்லாம் நானும் வாசலில் நின்று இருமுவேன். தெருவில் போகிறவர்கள் என்னைச் சந்தேகப்பட்டால் போதும் என்றுதான்.

சீட்டு நகத்தளவு. அதில் 'மாடு 7' என்று எழுத வேண்டும். 'மா' வரைக்கும் உண்மையைத்தான் எழுதினேன். 'டு' வர வேண்டிய இடத்தில் 'ன்' வந்துவிட்டது. எண்ணிக்கை இடிக்குமே என்று ஏழாவது மானை மாடாக்கினேன்.

மாடெல்லாம் சுத்தம், ஒரு மானுக்கு மட்டும் நோய் என்று முடிவு வந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் தலைவர். வனக்காவலர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பதினோரு நாள் வெடிச் சத்தம். சீமாட்டி மிரண்டாள். அவள் காதில் பஞ்சு வைத்தேன். முந்நூற்றுப் பதினாறு மான் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குக் கணக்கு வராது.

அதற்குப் பிறகும் மாடுகள் இருமின. "எங்கயோ ஒரு மான் தப்பிச்சிருக்கு" என்றார் தலைவர். நாலு பேர் நடுவில் பேச எனக்குக் கூச்சம்.

பாலைப் பற்றிக் கேட்டீர்கள். கறந்தேன். கறக்காமல் விட்டால் ஏன் என்று கேட்பார்களே. எதிர்வீட்டு அக்கா தினமும் சொம்போடு வருவாள்.

"காய்ச்சிக் குடுக்கா" என்று ஒருமுறை சொன்னேன். மெதுவாகத்தான்.

"போடி, டாக்டரம்மா. கறந்த சூட்டோட குடிச்சாத்தான் பிள்ளை உடம்புல ஒட்டும்."

பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது மரியாதையில்லை. எங்கள் வீட்டில் பாக்கெட் பால்தான்.

அந்தப் பிள்ளை பெரிய ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் டாக்டர் பழைய குப்பிகளை எடுத்துப் பார்த்தார். ஏழாவது சீட்டில் 'ன்' கொஞ்சம் கோணலாக இருந்ததாம். எனக்கு அது ஒன்றுதான் வருத்தம்.

சீட்டை மாற்றியது நான்தான், ஐயா. தெரிந்தே மாற்றினேன். அதற்காகக் கொலைகாரி என்று மட்டும் இந்தத் தாளின் தலையில் எழுதிவிடாதீர்கள். ஓர் எறும்பைக்கூட மிதிக்காதவள் நான். எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இருமல் நின்றதும் சொல்வார்கள்.