கயிறு பிடித்த மைத்துனன்

நெருங்கி உட்காருங்கள். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். என்னோடு வேலை பார்ப்பவனின் சித்தப்பாவுக்கு நடந்தது இது. மரம் வெட்டுகிறவர். ஒல்லி, நெட்டை. ‘ஏணி’ என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும்.

சாயங்காலம் ஐந்தே முக்கால். வீடுகள் முடிந்த பிறகும் நீண்டு கிடக்கிற தெரு... கடைசியில் ஒரே ஒரு வீடு. பூட்டியிருந்தது. வீட்டுக்கு முன்னால் அழகுக்காக வைத்த பூமரம். பார்க்க லட்சணம்தான், வளர்ந்த விதம்தான் கோளாறு. ஒரே அடிமரத்திலிருந்து ஒரே தடிமனில் இரண்டு கிளைகள், நெருக்கியடித்துக்கொண்டு மேலே போயிருந்தன. இரண்டும் பிரிகிற கவட்டையில் பட்டை உள்பக்கமாக மடிந்து, இரண்டும் ஒட்டாமலே நின்றன. பலமாகக் காற்றடித்தால் பிளந்து கூரைமேல் விழும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தே ஆக வேண்டும்.

நம்ம ஏணி மரத்தின் மேலே இருந்தார். இடுப்பில் கட்டிய கயிறு உயரத்தில் ஒரு கிளையைச் சுற்றி, கீழே மைத்துனன் கையில். பெண்டாட்டியின் தம்பி. மூன்று வருடமாக அதே கை, அதே பிடி. அதை நம்பித்தான் இவர் உயிர். அதற்காக வாய் சும்மா இருக்குமா?

“டேய் தண்டம்! கையில வெண்ணெயா தடவியிருக்கே? இழுத்துப் பிடிடா!”

அவன் என்றைக்கும் எதிர்த்துப் பேசியதில்லை.

கர்ர்... கர்ர்... ரம்பம் போய்க்கொண்டிருந்தது. ஈரப்பட்டை வாசனை. திடீரென்று கவட்டைக்குள் ‘நெறுக்’ என்று ஒரு சத்தம். கை நின்றது. இடுப்பில் ஏதோ தளர்ந்த மாதிரி... பார்த்தால், கயிறு தொய்ந்து தொங்குகிறது. தெருவில் இவர்கள் வந்த வண்டி கிளம்புகிற சத்தம்.

குனிந்து பார்த்தார். கீழே ஆளில்லை. கேட்டில் மாட்டியிருந்த தன் சட்டை இல்லை. கழற்றிவிட்ட செருப்பும் இல்லை.

அடப்பாவி! அந்தரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டானே! கூடப்பிறந்தவன் மாதிரி வைத்திருந்தேனே... பயத்தைவிட அதுதான் நெஞ்சை அறுத்தது. பாதி அறுபட்ட கிளை முனகிக்கொண்டே இருந்தது. மரத்தைக் கட்டிப்பிடித்து, மார்புத் தோல் உரிய, அங்குலம் அங்குலமாக இறங்கினார். தரையைத் தொடுவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இருட்டிவிட்டது.

கால்சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து மைத்துனனுக்குப் போட்டார்.

“ஏண்டா பாவி! என்னைக் கொல்லவா பார்த்தே?”

அந்தப் பக்கம் மைத்துனன் கிசுகிசுத்தான். “மாமா... நீங்கதான் இறங்கி வந்து சட்டையை மாட்டிக்கிட்டு, ‘போதும், கிளம்பலாம்’னு சொன்னீங்க.”

“உளறாதே! நான் இங்க மரத்தடியில நிக்கிறேன்டா!”

“தெரியும் மாமா. அண்ணாந்து பார்த்தேன். நீங்க மேல அறுத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க.”

“தெரிஞ்சுமா... கயித்தை விட்டே?”

“வழியெல்லாம் என் தோள்ல கை போட்டுக்கிட்டே வந்துச்சு மாமா. ஒரு வார்த்தை திட்டலை.”

போனில் கதவு திறக்கிற சத்தம். தன் பெண்டாட்டியின் சிரிப்பு. பிறகு... தன் குரலிலேயே யாரோ, அன்பாக, “யாருடா போன்ல?” என்று கேட்டார்கள்.

மைத்துனன் போனை விட்டு முகத்தைத் திருப்பிப் பதில் சொல்வது கேட்டது.

“ராங் நம்பர், மாமா.”