மந்திரி வாசித்த பெயர்

சாவகச்சேரி பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"கொழும்பு அரசாங்க சபையிலை இருந்து என்னை வெளியிலை போட்டாங்கள்," என்றாள் மூத்தவள்.

"ஏனக்கா?"

"எங்கடை ஊருக்கு மருத்துவிச்சி வேணுமெண்டு மெம்பர் கேள்வி கேட்டார். நான் மேல்மாடத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தன். அங்கை ஏற்கெனவே ஒருத்தி வேலை செய்யிறா எண்டு மந்திரி சொல்லி, அவவின்ரை பேரையும் வாசிச்சார். நான் எழும்பி, 'பொய்!' எண்டு கத்திப்போட்டன். பியோன் வந்து கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போனான்."

"உங்களுக்கு ஏனக்கா உந்த வில்லங்கம்?"

மூத்தவளின் குரல் உயர்ந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவர் வாசிச்சது என்ரை அம்மான்ரை பேரடி! அவ போன மாரியிலை செத்தவ. அவவுக்குப் பிறகு ஆளில்லாமல் என்ரை தங்கச்சியும் பிள்ளைப்பேறிலை போயிட்டாள். செத்த மனுசி இன்னும் பிள்ளை பெறுவிக்கிறாவாம்!"