சாமைக் கொல்லையில் விழுந்த அருவி

தலைமை ஏற்றுத் தளராமல் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர் ரங்கசாமி அவர்களே! போளூரிலிருந்து பேருந்தேறிப் புழுதி பூசி வந்திருக்கும் நண்பர்களே! முன்வரிசையை முந்திப் பிடித்த தாய்மார்களே! உங்கள் எல்லாருக்கும் தபால்காரன் பாண்டுரங்கனின் பணிவான வணக்கம்.

நான் கலைஞன் அல்லன். கடிதம் சுமந்து நடக்கும் கால்கள், கழுத்தில் ஒரு டப்பா கேமரா, அவ்வளவுதான்! பனி விலகி மலை மெல்ல விழிப்பதை, புளியம்பூ பூத்துப் பாதையெல்லாம் உதிர்வதை, மேகம் மேட்டில் இறங்கி மேய்வதைப் சுருளுக்குப் பன்னிரண்டு படமாகப் பிடித்து, பக்கத்து அறையில் பரப்பி வைத்திருக்கிறேன். பெட்டியில் பூட்டிவைத்தால் கண்ட அழகு எனக்கு மட்டும்தானே?

அவற்றில் ஒன்று தப்பான படம். அருவியை எடுத்தேன், பிலிம் சுருளைச் சுற்ற மறந்தேன், அதன்மேலேயே இந்த ஊர் உழவர் சடையனின் சாமைக் கொல்லையையும் எடுத்துவிட்டேன். கழுவி வந்த படத்தில், காய்ந்த கொல்லையின்மேல் வெள்ளை வெள்ளையாய் வெள்ளம் இறங்குகிறது! ஓசையில்லாத வெள்ளம், கனவில் வருகிற வெள்ளம். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நானும் சிரித்தேன்.

சடையன் சிரிக்கவில்லை. மழை பொய்த்து, பாதிப் பயிர் கருகி, குடகுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலியாய்ப் போக மூட்டை கட்டியிருந்தார் அவர். படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"சார், இது என் கொல்லைதான். தண்ணி எப்ப வந்துச்சி?"

என் தப்பு என்று சொல்ல எனக்கு எத்தனை வலித்தது! சொன்னேன். அவர் மனைவி மாதம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"தப்பா இருந்தா இன்னா சார்? ஓடை மேலதான கீது. நடுவுல அந்தப் பாறை இல்லன்னா எங்க கொல்லைக்கு வந்துடாதா?"

அன்றே வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். ஒன்பது நாள்! இரண்டே பேர்! வாய்க்கால் பாறைவரை வந்து நிற்கிறது. மீதிப் பயிர் இன்னும் பச்சையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லாரி வரும். அதற்குள் தண்ணீர் வராவிட்டால் இருவரும் அதில் ஏறிவிடுவார்கள்.

அன்பர்களே! கனவு கண்டவர் இருவர். குறுக்கே பாறை ஒன்று. இங்கே கைகள் எத்தனை? பார்த்து ரசிக்க மட்டுமா படம்? பார்த்துவிட்டு வீடு திரும்பவா விழா? படத்தில் விழுந்த வெள்ளம் பயிரில் விழ வேண்டாமா? நாளை விடியலில் கடப்பாரையோடு வாருங்கள்!

என்ன, முன்வரிசையில் கன்னியம்மாளா? உரக்கச் சொல்லுங்கள்.

"எங்கள வரச் சொல்லிட்டு, நீங்க படம் புடிச்சிக்கினு நிப்பீங்களா சார்?"

நியாயமான கேள்வி! இதோ, கேமராவை இப்போதே தலைவரிடம் ஒப்படைக்கிறேன். ஐயா, ஏன் கையை இழுத்துக்கொள்கிறீர்கள்?

"இத நான் புடிச்சிக்கினா, கடப்பாரைய எப்டிப்பா புடிக்கிறது?"

கேட்டீர்களா! எழுபது வயதுத் தலைவரே வருகிறார்! கேமரா வீட்டில் கிடக்கட்டும். செவி தந்தவர்களுக்கு நன்றி. நாளை தோள் தரப்போகிறவர்களுக்கு இன்றே நன்றி. பாறையடியில் பார்ப்போம். வணக்கம்!