பாரம் ஏற்றிப் பார்த்தது

புதுக் கேமரா வாங்கப் போகிறவர்கள் கையில் எடுத்ததும் கண்ணில் வைத்துப் பார்ப்பார்கள். முதலில் காதில் வைத்துக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. பொத்தானை அழுத்திப் பிடித்தால் வருகிற சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் ஒரு சின்ன இழுப்பு, ஒரு தயக்கம் வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். உங்கள் இலாகாவுக்கு என்றாவது வாங்க நேர்ந்தால் இதை நினைவில் வையுங்கள், ஐயா.

நான் இப்படி ஆனதற்குக் காரணம் ஒரு தீ விபத்து. பத்திரிகையில் புகைப்படக்காரனாக இருக்கிறேன். பஞ்சுக் கிடங்கு எரிந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றது நான்தான். தீயணைப்பு வீரர் ஒருவர் ஒரு பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு புகைக்குள்ளிருந்து வந்தார். அவருக்குப் பின்னால் சுவர் சரிந்தது. அழுத்தினேன். கேமரா உறைந்துவிட்டது. திரையில் மறுபடி உயிர் வந்தபோது வெறும் புழுதிதான் தெரிந்தது. மறுநாள் அந்தக் காட்சி எதிர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது.

எங்கள் ஆசிரியர் திட்டவில்லை. "விடுப்பா, மெஷின்தானே" என்றார். அதற்குப் பிறகு என்னைத் திறப்பு விழாக்களுக்கு மட்டும் அனுப்பினார். ரிப்பனும் கத்தரிக்கோலும் எங்கேயும் ஓடிப்போவதில்லை.

இந்தப் புதுக் கேமராவை வாங்க என் வீட்டை அடமானம் வைத்தாக வேண்டும். ஆகவே கடைக்காரரிடம் பேசி, சோதித்துப் பார்க்க வீட்டுக்கு எடுத்து வந்தேன். நீண்ட நாள் பழக்கம், நம்பிக் கொடுத்தார். பையில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெயிலில் காய்ந்த தகரக் கூரைமேல் வைத்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு சாரலில் நனைத்தேன். எதற்கும் அசரவில்லை. ஒரு முகத்தைக் காட்டினால் போதும், கண்ணின்மேல் சின்னப் பச்சைக் கட்டம் ஒன்று போட்டுக்கொள்ளும். அந்த முகம் எங்கே நகர்ந்தாலும் கட்டம் கூடவே போகும். இருந்தும் எனக்கு மனது ஆறவில்லை. பழைய கேமராவும் வீட்டில் ஒழுங்காகத்தான் இருந்தது.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். என்னைவிடச் சிரித்த முகம். அன்றைக்கு என்னைப் பார்க்க வந்தவன், ஃப்ரிட்ஜில் தண்ணீர் எடுக்கப் போய்க் கேமராவைப் பார்த்துவிட்டான்.

"என்னண்ணா, அண்ணி தயிர் வெக்கிற இடத்துல இதப் போய் வெச்சிருக்க?"

விஷயத்தைச் சொன்னேன். "இப்படிச் சோதிச்சா காலத்துக்கும் தெரியாது" என்றான். "லிஃப்ட்ட நாங்க வெறுங்கூடா ஓட்டிப் பாக்க மாட்டோம். பாரம் ஏத்தி ஓட்டணும். அப்பத்தான் அதோட யோக்கியதை தெரியும்."

அவனுக்கு அது போகிற போக்கில் சொன்ன பேச்சு. எனக்குத் தூக்கம் போய்விட்டது. பாரம் என்றால் என் தொழிலில் என்ன என்று யோசித்தேன். மழையும் வெயிலும் பாரமில்லை. திரும்ப வராத ஒரு நொடி, அதுதான் பாரம். அந்த நொடியில் நிற்காமல் ஓடினால்தான் அது கேமரா.

துறைமுகத்தில் கடலுக்குள் நீளுகிற கல் சுவர் இருக்கிறதே, அங்கே அவனைக் கூட்டிப் போனேன். புயல் எச்சரிக்கை வந்த நாள் அது. தற்செயலாக அமைந்த நாள் என்று முன்பு உங்களிடம் சொன்னேன். அப்படி இல்லை. வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

"அலை ஒரு மாதிரியா இருக்கேண்ணா" என்றான்.

"மீன்காரங்ககிட்ட விசாரிச்சுட்டேன். இனிமே தணிஞ்சுடுமாம்" என்றேன். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

அவன் நடந்தான். நான் விளக்குக் கம்பத்தருகே நின்று எடுத்தேன். பச்சைக் கட்டம் நன்றாகப் பிடித்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னேன், போனான். இன்னும் கொஞ்சம் என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்தான். "போதாதா?" என்பதுபோல் ஒரு பார்வை. கையை ஆட்டினேன். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் தட்ட மாட்டான்.

அலை வந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

நீருக்குள் போனவன் இரண்டு முறை மேலே வந்தான். கட்டம் ஒவ்வொரு முறையும் அவன் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொண்டது. முகத்தில் நுரை மூடியபோதுகூட வழி தவறவில்லை. அத்தனை சாரலிலும் சத்தம் ஒரே சீராக இருந்தது. அவன் "அண்ணா" என்று கூப்பிட்டான். படத்தில் வாயைப் பார்த்தாலே தெரியும்.

கயிறு கட்டிய மிதவை வளையம் ஏதும் அங்கே கண்ணில் படவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். வளையம் அந்தக் கம்பத்தில்தான் மாட்டியிருந்தது. கை ஆடாமல் இருக்க முதுகைச் சாய்த்திருந்தேன். அது எனக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருந்தது. மெத்தென்று, சாய்வதற்கு வசதியாக இருந்தது.

கடைக்காரரிடம் கேமராவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வாங்கிவிட்டேன்.

உடல் கிடைத்த பிறகு தம்பி மனைவி என்னிடம் வந்து கேட்டாள். "கடைசியா ஏதாவது சொன்னாரா மாமா?" இல்லை என்றேன். வீட்டில் மாட்ட அவனுடைய நல்ல படம் ஒன்றும் இல்லை என்று அழுதாள். எனக்கு மனது கேட்கவில்லை. முதல் முறை மேலே வந்தபோது எடுத்ததில் முகத்தை மட்டும் வெட்டி, பெரிதாக்கிக் கொடுத்தேன். ஈரத் தலையும் திறந்த வாயுமாக, பார்ப்பதற்குச் சிரிப்பதுபோலவே இருக்கும். "எவ்வளவு தெளிவா இருக்காரு, கூப்பிட்டா பேசிடுவாரு போல" என்றாள். கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அதைக் கழற்றச் சொல்ல வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மொத்தப் படங்களையும் ஆசிரியரிடம் கொண்டுபோனேன். முதல் பக்கத்துக்கு இதைவிட நல்லது அவருக்குக் கிடைத்திருக்காது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிப் படத்தில் வெறும் தண்ணீர். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"இதுல எந்த இடத்துலப்பா கேமராவக் கீழ வெச்ச?"

"வெக்கல சார்."

அவர் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஓட வேண்டும் என்று தோன்றவில்லை.

என் தம்பியை நான்தான் கொன்றேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் புரிந்துகொள்ள வேண்டும், ஐயா. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்தக் கேமரா ஒரு கணம் நின்றிருந்தால் போதும், அப்படியே போட்டுவிட்டு அவனிடம் ஓடியிருப்பேன். அது நிற்கவில்லை.