எண்ணெய் மூடியில் வெள்ளை

லிம்பர்: புகையா? காலை ஏழு மணிக்கு இந்த எல் ஆல்டோ மலைக் குளிர்ல எல்லா வண்டியும் வெள்ளையாத்தான் விடும். இதோ, ஹா... என் வாயிலேருந்தும் வருது. எனக்கும் ஹெட் கேஸ்கெட் போச்சா, மாப்ள?

குரோவர்: விளையாடாத மச்சான். ரேடியேட்டர்ல தண்ணி நிக்கல. ஊத்த ஊத்தக் காணாமப் போகுது. கீழ ஒரு சொட்டு ஈரம் இல்ல.

லிம்பர்: கீழ ஈரம் இல்லன்னா நேரா கேஸ்கெட்டா... காலேஜ்ல என்னடா படிச்ச?

குரோவர்: வரலாறு.

லிம்பர்: அதான். எல்லாம் முடிஞ்சப்புறம் காரணம் சொல்லத் தெரியுது. எப்பலேருந்து இப்படி?

குரோவர்: வியாழக்கிழமை நீ வீட்டுக்கு வந்து கடலை சூப் குடிச்சியே... அதுவரைக்கும் ஒண்ணும் குறையல.

லிம்பர்: சூப்பைக் குறை சொல்லாத. உனக்கு வைக்கத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

குரோவர்: நேத்து கொதிச்சுது. சத்தமே கேட்டுது.

லிம்பர்: இந்த உயரத்துல தண்ணி கொதிக்கறது ஒரு சமாச்சாரமா? உருளைக்கிழங்கு வேகறதுக்குள்ள உயிர் போகுது, தண்ணி மட்டும் உடனே கொதிச்சுடும். சரி, தள்ளு. இந்த ரப்பர் கையுறையை ரேடியேட்டர் வாயில மாட்டறேன். ஸ்டார்ட் பண்ணு. கேஸ்கெட் போயிருந்தா காத்து தண்ணிக்குள்ள வரும், கை நிமிர்ந்து உனக்கு டாட்டா காட்டும்.

குரோவர்: ...நிமிருதா?

லிம்பர்: அஞ்சு விரலும் தொங்குது. ரிட்டயர் ஆனவன் மாதிரி.

குரோவர்: அங்க பின்னாடி ஏதோ ஆவி மாதிரி...

லிம்பர்: நீ எஞ்சினைப் பாக்காத, என்னைப் பாரு. அணை, போதும். கேஸ்கெட் நல்லாத்தான் இருக்கு.

குரோவர்: அவசரப்படாத. ஆயில் மூடியைத் திறந்து பாரு.

லிம்பர்: ஓ... எதைத் திறக்கணும்னு நீயே சொல்றியா? அடேங்கப்பா. உள்பக்கம் வெள்ளை வெளேர்னு இருக்கு.

குரோவர்: கேஸ்கெட் போய் ஆயில்ல தண்ணி கலந்தா அப்படித்தான் இருக்குமாம்.

லிம்பர்: இருக்குமாம்... யார் சொன்னா?

குரோவர்: படிச்சேன்.

லிம்பர்: நல்லாப் படி. நாளைக்கு இந்த வேன் ஊருக்குப் போகணும், ஞாபகம் இருக்கா? இருபது பெட்டி பீர், பேண்டுக்காரங்க அஞ்சு பேர், எங்கம்மா. திங்கள்லேருந்து ரோடு மறியல், அதுக்குள்ள எல்லாரும் கிளம்பறாங்க, வாடகைக்கு வேற ஒரு வண்டியும் கிடைக்காது.

குரோவர்: தெரியும்.

லிம்பர்: என் தங்கச்சி சுலேமா போய் நாளையோட ஒரு வருஷம். அம்மா தன் கையால உன் கறுப்புச் சட்டையைக் கழட்டி எரிச்சு, புதுசு மாட்டிவிட்டு, உன்னை ஆட விடணும். அப்புறம் நீ துக்கக்காரன் இல்ல. சட்டை எடுத்தாச்சு. மஞ்சள். உனக்கு நல்லாவே இருக்காது.

குரோவர்: வண்டி போகாதுன்னு சொல்லு, விடு.

லிம்பர்: ஊரே வேற மாதிரி சொல்லுது. கறுப்பு கழண்டா மார்ச்சுல கல்யாணமாம். சந்தையில ஜூஸ் போடற ரோசியோவோட.

குரோவர்: அவ எனக்குப் பப்பாளி ஜூஸ் போட்டுக் குடுக்கறா. அவ்வளவுதான்.

லிம்பர்: தினமுமா?

குரோவர்: ...சர்க்கரை இல்லாம.

லிம்பர்: பாவம். ஆயில் அளக்கற கம்பியை உருவறேன். பாரு, ஆயில் சுத்தக் கறுப்பு. உன் சட்டை மாதிரி. மூடியில மட்டும் பனி பெஞ்சிருக்கு.

குரோவர்: என்ன பண்ற? அந்த வெள்ளையை வாயில வைக்காத மச்சான்...

லிம்பர்: இனிக்குது.

குரோவர்: ரேடியேட்டர்ல ஊத்தற கூலண்டும் இனிக்கும்.

லிம்பர்: அதையும் படிச்சியா? இருபது வருஷமா கேஸ்கெட் மாத்தறேன், கூலண்ட் இனிப்பு எனக்குத் தெரியும். இது காபிக்கு ஊத்தற இனிப்பு. டின் பால். எத்தனை ஸ்பூன்?

குரோவர்: ஒண்ணரை.

லிம்பர்: அரை ஸ்பூன் எதுக்கு? அளந்து வேற ஊத்தினியா?

குரோவர்: முதல்ல ஊத்தினது ஒட்டல. வழிஞ்சுது.

லிம்பர்: தண்ணி குறையவும், சரி, நாமும் கொஞ்சம் பால் சேர்ப்போம்னு... ஏன் மாப்ள? எங்கம்மா கையால கழட்டினா சுடுமா?

குரோவர்: அத்தைமேல ஒண்ணும் இல்ல.

லிம்பர்: அப்புறம்?

குரோவர்: இந்தச் சட்டையைப் பாத்தா யாராவது கேக்கறாங்க. மினிபஸ்ல, ரொட்டிக் கடையில. யாருக்குப்பான்னு. சுலேமாவுக்குன்னு சொல்றேன். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அவ பேரைச் சொல்றேன். மஞ்சச் சட்டையைப் பாத்து யார் கேப்பாங்க? சிரி. சிரிச்சுக்கோ.

லிம்பர்: துடைச்சுக்கோ. கையைச் சொன்னேன், இந்தா துணி. இரு, அம்மா கூப்பிடறாங்க. ...ஆமாம்மா, பாத்தேன். ஹெட் கேஸ்கெட். போயே போச்சு. ...சந்தேகமே இல்ல, நானே வாயில வச்சுப் பாத்தேன். ...பீர் கெடாது, பேண்டுக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். ...மறியல் முடியட்டும்மா, பாக்கலாம். ...அவனா? நிக்கறான். கறுப்பாத்தான் நிக்கறான். ...வைக்கறேன்.

குரோவர்: எனக்காகப் பொய் சொல்லிட்ட.

லிம்பர்: உனக்காகவா? ஆசை.

குரோவர்: மச்சான்... பால் நான்தான், ஒத்துக்கறேன். ஆனா தண்ணி நெஜமாவே குறைஞ்சுது. அதை நான் தொடல.

லிம்பர்: வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு நடுவுல நான் எழுந்து வெளிய போனேன், ஞாபகம் இருக்கா?

குரோவர்: ஒண்ணுக்குப் போறேன்னு சொன்ன.

லிம்பர்: ஊர்ப் பேச்சைக் கேட்டு, நீ அந்த மஞ்சச் சட்டைக்குத் துடிக்கறேன்னு நானும் நம்பிட்டேன், மாப்ள. பையில ஸ்க்ரூ டிரைவர் இருந்துது. எஞ்சினுக்குப் பின்னாடி தண்ணிக் குழாய் கிளிப்பை ரெண்டு சுத்து தளர்த்திட்டு, சொட்டறது எஞ்சின் சூட்டுலயே ஆவியாகட்டும்னு விட்டுட்டு உள்ள வந்து, உன் எதிர்லயே உக்காந்து இன்னொரு கிண்ணம் சூப் குடிச்சேன்.