எழுந்திருக்க ஒரு கழுத்து

வயிற்றில் தையல் போட்டவன் படுக்கையிலிருந்து எழுந்திருக்க இன்னொருவர் கழுத்து வேண்டும். தானாக எழுந்தால் தையல் பிரிந்துவிடும். டாக்டரே சொல்லித்தான் அனுப்பினார், அய்யா.

அன்று காலையும் மாரிக்கண்ணன்தான் குனிந்தான். என் கைகளைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, "மூச்ச இழுத்துப் பிடிங்க மாமா" என்றான். பிடித்தேன். பழம் நறுக்குகிற கத்தி என் வலது கையில் இருந்தது.

முதல் குத்து எலும்பில் பட்டு வழுக்கியது. இரண்டாவது காதுக்குக் கீழே இறங்கியது. மூன்றாவதும் நான்காவதும் தேவையே இல்லை, ஆனாலும் குத்தினேன். ஒன்று சொல்ல வேண்டும். அவன் என்னைக் கீழே போட்டுவிடவில்லை. முதுகுக்குக் கை கொடுத்து மெதுவாகப் படுக்க வைத்துவிட்டுத்தான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்தான். பொறுப்பானவன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். படுக்கையெல்லாம் ரத்தம். என் தையல்தான் பிரிந்துவிட்டதென்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுவரோரம் கிடந்தவனை அப்புறம்தான் பார்த்தார்களாம்.

ஏன் செய்தேன் என்கிறீர்கள். நியாயமான கேள்வி.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் என் மனைவி பாண்டிச்செல்வியும் ஒரே ரூமில் வேலை பார்த்தோம். ஆனி மாதம், தீபாவளி ஆர்டர் நெருக்கிய நேரம். அவள் வாசலோரம் உட்கார்ந்து புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். நான் உள்ளே, மூலையில். வெடித்தது. கூரை ஓட்டின் துண்டு ஒன்று என் வயிற்றைக் கிழித்தது. குடலைக் கையால் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

எங்களைத் தினமும் வேனில் ஏற்றி இறக்குகிறவன் மாரிக்கண்ணன். தீக்குள் ஓடிவந்த ஒரே ஆள் அவன்தான். என்னைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தான். அவளுக்காகத் திரும்புவதற்குள் அடுத்த ரூமும் வெடித்தது. அதற்கப்புறம் அங்கே வாசலே இல்லை.

அவள் வாசலில் கிடந்தாள், அய்யா. அவளைத் தாண்டித்தானே அவன் என்னிடம் வந்திருக்க வேண்டும்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டில் பத்தொன்பது நாள் மல்லாக்கப் படுத்து இதைத்தான் யோசித்தேன். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமுவேன். அப்போதும் இதே யோசனைதான்.

விடிந்ததும் வந்துவிடுவான். எழுப்பி, பாத்ரூம் கூட்டிப்போய், வயிற்றில் பெல்ட்டை இறுக்குவான். "பெல்ட்டு கட்டுனா மாமா மிலிட்டரியாட்டம் இருக்கீக" என்பான். எனக்குச் சிரிப்பு வரும், தையல் இழுக்கும். ஊரே அவனைக் கும்பிட்டது. பாண்டிச்செல்வியை ஏன் தூக்கவில்லை என்று கேட்டவர்களிடம், "மாமாதான் கிட்டக்க கிடந்தாக" என்றான். என் முன்னாலேயே அந்தப் பொய். எத்தனை நாள்தான் பொறுப்பது?

கடைசிக்கு முந்தின நாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எனக்கு ஆப்பிள் நறுக்கினான்.

"நாளைக்குச் சூலக்கரைல வெடி விபத்து விசாரணை மாமா. சத்தியம் வாங்கிட்டுத்தான் கேப்பாகளாம். அங்கன போயி பொய் சொல்ல முடியாதுல்ல?"

என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டான்.

"நடந்தத சொல்லிரு" என்றேன். கத்தியை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

மனைவியைத் தீயில் விட்டுவிட்டு வந்தவனைக் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் புருஷனும் இதைத்தான் செய்வான்.

ஒன்று விட்டுப்போயிற்று. எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம். மாரிக்கண்ணன் அவளைத் தாண்டி வரவில்லை. முதலில் அவளைத்தான் தூக்கினான். இரண்டு கையிலும் ஏந்திவிட்டான். "ஏலே, அவ செத்துட்டா. என்னையத் தூக்குலே" என்று மூலையிலிருந்து சொன்னது நான்தான். நான் சொன்னால் நம்புகிறவன். அவளைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

அவன் முதுகுக்குப் பின்னால் பாண்டிச்செல்வி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.