வெள்ளிக்கிழமை கழுவிய ஜீப்

ஜீப்பில் நாங்கள் இருவர். ஓட்டுவது ஸ்ரீரங்கத்து ரங்கராஜன். பக்கத்தில் நான், மெக்கானிக். ஹவில்தார் இல்லை. பெட்ரோல் வாங்க விடியும் முன்பே லாரியில் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் வண்டியைக் கிளப்பவே விட்டிருக்கமாட்டார்.

1965 செப்டம்பர். வெள்ளிக்கிழமை. காலை எட்டு இருபது. பஞ்சாப் எல்லை. கரும்புக்கு நடுவே மண்பாதை. முன்னால் இருக்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிறோம். மேலே கோடித் துணியைக் கிழிக்கிற சத்தம். ஒரு விமானம். நேராகப் போகிறது. போய்விட்டது என்கிறேன். போகவில்லை. திரும்புகிறது.

"குதிடா! வாய்க்கால்ல குதி!" ரங்கன் கத்தினான்.

குதித்தேன். ரங்கன் குதிக்கவில்லை. வண்டியைக் கரும்புக்குள் விடப் பார்த்தான். வரிசையாக மண் தெறித்தது. பிறகு ஒரே ஒரு பெரிய சத்தம். அதற்குப் பிறகு இடது காதில் எதுவும் இல்லை. இன்றுவரை.

அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தைய பெரிய போரில் பர்மா வரை ஓடியது என்றார்கள். டயர் இல்லாமல் டிப்போவில் மரக்கட்டை மேல் பல வருஷம் நின்றது. கழித்துப் போட்ட இன்னொன்றின் இஞ்சினை மாட்டி, நானும் ரங்கனும் பதினொரு நாளில் ஓட வைத்தோம். நான்கு சக்கரமும் இழுக்கும். அதை விட்டுக் குதிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

எல்லைக்கு வந்ததும் வண்டி முழுக்கச் சேறு பூசச் சொன்னார்கள். கண்ணாடியிலும். மின்னினால் மேலிருந்து தெரியும். எங்கள் வீடு லால்குடிப் பக்கம், உழுகிற குடும்பம். பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தவன் என்று அந்த உத்தரவைத் தமிழில் எழுதி ஒட்ட என்னிடம்தான் கொடுத்தார் ஹவில்தார். எழுதினேன். கையெழுத்து நன்றாகவே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு வாளித் தண்ணீர் மொண்டு வந்தேன். வெள்ளியன்று கழுவிப் பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் வண்டி பூட்டியதில்லை. எட்டு நாளாகக் குண்டுச் சத்தம். பயம். சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்றிருந்தது.

"சேறு இருக்கட்டும்டா. இது என்ன, உங்க ஊர் மாட்டுப் பொங்கலா?" என்று சிரித்தான் ரங்கன்.

நான் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன். குங்குமம் வைத்தேன். கடைசியில் அவனே பானெட்டில் விரலால் சின்னதாக ஒரு நாமம் போட்டான். திரும்பி வந்து சேறு பூசிக்கொள்ளலாம் என்று கிளம்பினோம். நேராகப் போன விமானம் எதைப் பார்த்துத் திரும்பியது என்று எனக்குத் தெரியும்.

இப்போது அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை. மாதம் ஒருமுறை ஸ்ரீரங்கம் போவேன். ரங்கன் அம்மா ரேழியில் உட்கார வைத்துச் சாதம் போடுவார். முதல் தடவையே கேட்டார்.

"அன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சேப்பா. வண்டிக்குப் பூஜை ஆச்சா?"

ஆச்சும்மா என்றேன்.

"அப்போ பெருமாளை நினைச்சுண்டுதான் போயிருக்கான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று வருஷம் அந்த ஒரு வார்த்தையை வைத்துச் சாப்பிட்டேன்.

போன மாதம் ஏலத்தில் எடுத்த ராணுவ ஜீப் ஒன்று பட்டறைக்கு வந்தது. காட்டூர்க்காரர் ஒருவருடையது. அதே மாதிரி வண்டி. இஞ்சினை இறக்கினேன். துருவைச் சுரண்டினேன். கண்ணாடிச் சட்டத்தின் ரப்பரைக் கழற்றினால் அடியில் காய்ந்த சேறு. யாரோ பூசியது. கழுவாமல் விட்டது. அந்த வண்டி ஊர் திரும்பியிருக்கிறது.

கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினேன். ரங்கன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உத்தரவு. வாளி. துடைத்த கண்ணாடி.

"அவன் வேண்டாம்னானா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னான்மா என்றேன். உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. திரும்பி வரவும் இல்லை. இலை போட்டபடி கிடந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

எழுதி வைக்கிறேன். ரங்கராஜன், வயது இருபத்துநான்கு. என் இடது காது. பதினொரு நாளில் எழுப்பிய ஒரு ஜீப். ஒரு தாய்க்கு மூன்று வருஷம் இருந்த ஆறுதல். அத்தனையும் இரண்டு வாளித் தண்ணீருக்கு.